ஆழ்விண்வெளி, டேட்டா சென்டர், டிஜிட்டல் நகரம்: கூலாய்த் தோட்டப்புற மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் உள்ள கூலாய் வட்டாரத்தில் நான்காம், ஐந்தாம் படிவ மாணவர்களுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் கோயில் மண்டபத்தில் ஒரு படிப்பு வட்டம் நடத்தி வருகிறோம். பூமியைத் தாண்டி மனிதர் குடியேறுவது பற்றிய ஆராய்ச்சி, ஜொகூர் – சிங்கப்பூர் வட்டாரத் தொழில் வளர்ச்சி, டிஜிட்டல் நகரங்கள் என மூன்றையும் சேர்த்தே படிக்கிறோம். வகுப்பிலும், வகுப்பு முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போதும் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இவை. பதில்களில் என் கருத்தும் கலந்திருக்கும். நானும் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவன்தான்.

ராக்கெட் எங்கே, நம்ம செம்பனைக் காடு எங்கே? மூன்றையும் ஏன் ஒன்றாகப் படிக்க வேண்டும்?

மூன்றிலும் அடியில் ஓடுவது ஒரே கேள்வி. ஆளில்லாத இடத்தில் புதிதாக ஓர் ஊரை உண்டாக்கினால், அங்கே தண்ணீர், மின்சாரம், வீடு, வேலை, தகவல் எல்லாம் யார் கையில் இருக்கும்? செவ்வாயில் குடியேறுவதைப் பற்றி ஆராய்கிறவர்கள் இதைக் கேட்கிறார்கள். டிஜிட்டல் நகரம் கட்டுகிறவர்கள் கேட்டே ஆகவேண்டும். நம்முடைய பாட்டன் பூட்டன்மார் கப்பலேறி வந்து காட்டை அழித்துத் தோட்டம் போட்டபோது அவர்கள் சார்பில் இதைக் கேட்க ஆளில்லாமல் போனது. அதன் பலனை மூன்று நான்கு தலைமுறை அனுபவித்துவிட்டோம். அதனால் இந்தக் கேள்வியைப் பற்றிப் பேச நமக்கு அறிவும் உரிமையும் உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆழ்விண்வெளி என்றால் எவ்வளவு தூரம்?

வானொலி அலைவரிசைகளை ஒதுக்கும் அனைத்துலக அமைப்பு, பூமியிலிருந்து 20 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளதை ஆழ்விண்வெளி என்று வரையறுக்கிறது. பேச்சுவழக்கில் நிலாவுக்கு அப்பால் என்று வைத்துக்கொள்ளலாம். அனைத்துலக விண்வெளி நிலையம் பறப்பது தலைக்கு மேல் சுமார் 400 கிலோமீட்டரில். கூலாயிலிருந்து ஈப்போ போகும் தூரம்கூட இல்லை. நிலா 3,84,000 கிலோமீட்டர்.

1977-இல் அனுப்பிய வாயேஜர் இன்னுமா வேலை செய்கிறது?

செய்கிறது. நாசா அனுப்பிய இரண்டு ஆளில்லா விண்கலங்கள் இவை. வாயேஜர் 2 ஆகஸ்ட் 20-ஆம் தேதியும் வாயேஜர் 1 செப்டம்பர் 5-ஆம் தேதியும் அந்த ஆண்டில் கிளம்பின. வாயேஜர் 1 இப்போது 2,500 கோடி கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. ஒளியின் வேகத்தில் போகும் வானொலி அலையே அங்கே போய்ச் சேர ஏறக்குறைய ஒரு நாள் ஆகிறது. இன்று காலையில் ஒன்று கேட்டால் பதில் நாளை மறுநாள் காலையில்தான் கிடைக்கும். அதன் ஒலிபரப்பியின் திறன் சுமார் 23 வாட், குளிர்சாதனப் பெட்டிக்குள் எரியும் சின்ன பல்பு அளவுதான். அந்தச் சிணுங்கலைப் பிடிக்க அமெரிக்காவின் கோல்ட்ஸ்டோன், ஸ்பெயினின் மாட்ரிட், ஆஸ்திரேலியாவின் கான்பெரா ஆகிய மூன்று இடங்களில் 70 மீட்டர் அகல ஆண்டெனாக்கள் இருக்கின்றன. பூமி சுழலும்போது எப்போதும் ஒன்றாவது விண்கலத்தைப் பார்த்தபடி இருக்கவேண்டும் என்பதற்காகவே மூன்று கண்டங்களில் வைத்தார்கள்.

2023 நவம்பரில் வாயேஜர் 1 அர்த்தமில்லாத தகவலை அனுப்பத் தொடங்கியது. கணினியின் நினைவகச் சில்லு ஒன்று கெட்டுப்போயிருந்தது. பொறியாளர்கள் அந்தச் சில்லில் இருந்த நிரலைத் துண்டு துண்டாகப் பிரித்து, நினைவகத்தின் வேறு இடங்களில் ஏற்றினார்கள். 2024 ஏப்ரலில் கலம் மறுபடி ஒழுங்காகப் பேசியது. எழுபதுகளின் கணினியை, தொடாமலேயே, ஒரு நாள் ஒளித் தூரத்திலிருந்து பழுது பார்த்திருக்கிறார்கள். ஐந்தாம் படிவ மாணவர்களிடம் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். பழைய கையேடுகளைப் புரட்டி, பொறுமையாக ஒவ்வொரு கட்டளையையும் சரிபார்த்தவர்களின் வேலை அது.

அந்தக் கலங்களில் உள்ள தங்க இசைத்தட்டில் 55 மொழிகளில் வாழ்த்து இருக்கிறது. தெலுங்கு, கன்னடம், சிங்களம் எல்லாம் உண்டு. தமிழ் இல்லை. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் முகம் வாடிவிடும். எனக்கும் வருத்தம்தான்.

இதெல்லாம் நம் அன்றாட வாழ்க்கையில் எங்கே வருகிறது?

பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வடை, கச்சான் பூத்தே விற்கும் கடைக்குப் போய்ப் பாருங்கள். காசு வாங்க ஒட்டி வைத்திருக்கும் கியூஆர் அட்டையில் எண்ணெய் தெறித்திருக்கும், ஒரு மூலை கிழிந்திருக்கும், மழை பட்டு மை ஊறியிருக்கும். ஆனாலும் கைப்பேசி அதைப் படித்துவிடும். ஏன்?

1960-இல் இர்விங் ரீட், குஸ்தாவ் சாலமன் என்ற இரண்டு அமெரிக்கக் கணிதவியலர்கள் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் குறியீட்டு முறை ஒன்றைக் கண்டார்கள். வாயேஜர் 2, 1986-இல் யுரேனசையும் 1989-இல் நெப்டியூனையும் படம் பிடித்து அனுப்பியபோது இந்த ரீட்–சாலமன் முறைதான் படங்களைக் காப்பாற்றியது. 1994-இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் கார் உதிரிப் பாகங்களைக் கணக்கெடுக்கக் கியூஆர் குறியீட்டை உருவாக்கியபோது அதே முறையை உள்ளே வைத்தது. அதிகபட்சப் பாதுகாப்பு நிலையில் அச்சடித்த குறியீட்டில் சுமார் 30 சதவீதம் கெட்டாலும் மீதியை வைத்துப் படித்துவிடலாம்.

அது எப்படி நடக்கிறது என்பதை எஸ்பிஎம் (ஐந்தாம் படிவ இறுதித் தேர்வு) கணிதம் வைத்தே சொல்லலாம். எனக்கு அனுப்ப வேண்டியது 2, 3 என்ற இரண்டு எண்கள். இவற்றை ஒரு நேர்கோடாக்குகிறேன்: y = 2x + 3. ஒரு கோட்டுக்கு இரண்டு புள்ளி போதும். ஆனால் நான் வேண்டுமென்றே நான்கு புள்ளிகளின் மதிப்பை அனுப்புகிறேன். x 1, 2, 3, 4 ஆக இருக்கும்போது y 5, 7, 9, 11. வழியில் ஒன்று கெட்டு, உங்களுக்கு 5, 7, 1, 11 என்று வந்து சேர்கிறது. வரைபடத் தாளில் குறித்துப் பாருங்கள். மூன்று புள்ளிகள் ஒரே கோட்டில் உட்காரும், ஒன்று மட்டும் விலகி நிற்கும். விலகியது மூன்றாவது. கோட்டின்படி அது 9 ஆகத்தான் இருக்கவேண்டும். என்னிடம் மறுபடி கேட்காமலேயே நீங்கள் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தியும் விட்டீர்கள். ஒரு நாள் தூரத்தில் இருக்கும் விண்கலத்திடம் "மறுபடி சொல்" என்று கேட்டுக்கொண்டிருக்க முடியாதல்லவா? அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. உண்மைக் குறியீட்டில் கோட்டுக்குப் பதில் உயர்படி வளைவுகள், சாதாரண எண்களுக்குப் பதில் வேறு வகை எண்கள். அடிப்படை இதுதான்.

கணக்கு எதற்கு உதவப் போகிறது என்று கேட்கிற பிள்ளைக்கு இந்த ஒரு தாளைப் போட்டுக் காட்டுங்கள்.

செவ்வாய்க்கு மனிதர் எப்போது போவார்கள்?

யார் தேதி சொன்னாலும் அதைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். எந்தெந்தச் சிக்கல் தீர்ந்திருக்கிறது என்று பாருங்கள். செவ்வாயின் காற்றிலிருந்து ஆக்சிஜன் எடுக்கும் மாக்ஸி என்ற கருவி, 2021 முதல் 2023 வரை 16 முறை இயங்கி மொத்தம் 122 கிராம் எடுத்தது. வழி உண்டு என்பது நிரூபணமாகிவிட்டது, அளவுதான் மிகச் சிறியது. விண்வெளி நிலையத்தில் சிறுநீர், வியர்வை உட்பட நீரில் 98 சதவீதத்தைத் திரும்பப் பயன்படுத்தலாம் என்று 2023-இல் காட்டிவிட்டார்கள். எடையற்ற நிலையில் மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் எலும்பு தேய்வதும், கதிர்வீச்சும், செவ்வாய் மண்ணில் கலந்திருக்கும் பெர்குளோரேட் நச்சும் இன்னும் பெரிய தடைகள்.

மனம் இன்னொரு தடை. நாசா 2023 ஜூன் முதல் 2024 ஜூலை வரை நான்கு பேரை ஹூஸ்டனில் செவ்வாய் வீடு போன்ற கட்டடத்துக்குள் 378 நாள் அடைத்து வைத்துச் சோதித்தது. வெளியே அனுப்பும் செய்திக்கு வேண்டுமென்றே தாமதம் வைத்தார்கள். செவ்வாய்க்கு ஒரு வார்த்தை போய்ச் சேர 3 முதல் 22 நிமிடம் ஆகும் என்பதால், தொலைபேசியில் பேசுவதுபோலப் பேசவே முடியாது.

தோட்டத்தையும் விண்வெளிக் குடியேற்றத்தையும் ஒப்பிடுவது கொஞ்சம் அதிகமாகத் தெரியவில்லையா?

எனக்குத் தெரியவில்லை. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் உயிர்வானியல் ஆராயும் சார்ல்ஸ் காக்கெல் பல ஆண்டுகளாக ஒரு விஷயத்தை வலியுறுத்தி வருகிறார். நிலாவிலோ செவ்வாயிலோ மூச்சுக்காற்றே ஒரு நிர்வாகத்தின் குழாய் வழியாகத்தான் வரும். காற்றைக் கையில் வைத்திருப்பவரை எதிர்த்துப் பேசுவது எப்படி? அதனால் சர்வாதிகாரம் முளைக்க அதைவிட வசதியான இடம் இல்லை என்கிறார். இதைப் படித்தபோது எனக்குத் தோட்டம்தான் நினைவுக்கு வந்தது.

தோட்டம் எப்படி இயங்கியது என்பதை இளையவர்களுக்காகச் சொல்கிறேன். விடியற்காலை இருட்டில் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். பேர் வாசித்து, மண்டோர் (மேற்பார்வையாளர்) வேலை பிரித்துக் கொடுப்பார். குடியிருக்கும் லயம் நிர்வாகத்துடையது. தண்ணீர்க் குழாய் நிர்வாகத்துடையது. இரவில் எந்த நேரம் வரை விளக்கு எரியும் என்பதை ஜெனரேட்டர் அறை முடிவு செய்யும். பிள்ளையை விடும் ஆயாக் கொட்டகை, காய்ச்சலுக்கு மருந்து தரும் டிரசர், பள்ளிக்கூடம் நிற்கும் மண் எல்லாமே துரையின் ஆளுகைக்குள். கடையில் பற்று வைத்தால் சம்பள நாளன்று கழிந்துபோகும். வேலையை விட்டால் வீடும் போகும். வீட்டில் ஒருவருக்கு வேலை போனால், அக்கம்பக்கத்து உறவு, கோயில் திருவிழா, பிள்ளை படிக்கும் பள்ளி எல்லாம் ஒரே நாளில் அறுந்துபோகும். இவ்வளவையும் ஒரே கையில் வைத்திருந்த ஒருவரிடம் எந்தத் தொழிலாளி தைரியமாகக் கூலி உயர்வு கேட்பான்? கேட்டவர்கள் இருந்தார்கள், அதற்கு விலையும் கொடுத்தார்கள்.

சரி, விண்வெளிக்கு வருவோம். 1967-ஆம் ஆண்டு விண்வெளி ஒப்பந்தம் எந்த நாடும் நிலாவைத் தன் மண் என்று சொந்தம் கொண்டாட முடியாது என்கிறது. ஆனால் அங்கே தோண்டி எடுக்கும் பொருள் எடுத்த நிறுவனத்துக்குச் சொந்தம் என்று அமெரிக்கா 2015-இலும் லக்சம்பர்க் 2017-இலும் சட்டம் போட்டுவிட்டன. தோண்டப் போகிற தொழிலாளியின் காற்று, தண்ணீர், ஊர் திரும்பும் டிக்கெட் யார் பொறுப்பு என்பதைப் பற்றி இதே அளவு அவசரத்தோடு யாரும் சட்டம் எழுதவில்லை. சொத்துரிமை முதலில், மனிதர் பிறகு. இந்த வரிசை நமக்குப் பழக்கமானது. பினாங்கு துறைமுகத்தில் இறங்கிய நம்மவர்கள் பார்த்ததும் இதைத்தான்.

ஆகவே நம் பிள்ளைகளில் ஒருவர் விண்வெளிச் சட்டமோ குடியேற்ற வடிவமைப்போ படிக்கப் போனால், தோட்ட வரலாற்றைக் கூடவே எடுத்துக்கொண்டு போகவேண்டும் என்பது என் ஆசை. தண்ணீரும் காற்றும் ஒருவரிடம், வேலை இன்னொருவரிடம், வீட்டுரிமை குடியிருப்பவரிடம், திரும்பிப் போகும் உரிமை எவராலும் பறிக்க முடியாதபடி. அப்படிப் பிரித்து வைக்க வேண்டும் என்று அடித்துச் சொல்ல நம்மைவிடத் தகுதியானவர் குறைவு.

மலேசியாவில் டிஜிட்டல் நகரம் முதலில் எங்கே வந்தது?

தோட்டத்து மண்ணில்தான். 1996-இல் கணினித் தொழில்களுக்கென அரசின் மல்ட்டிமீடியா பெருவழித் திட்டம் தொடங்கியது, அடுத்த ஆண்டு சைபர்ஜெயா பிறந்தது. பக்கத்திலேயே புத்ராஜெயா. அது 1921-இல் முதல் உலகப் போர் முடிந்து வந்த பிரிட்டிஷ் வீரர்கள் தொடங்கிய பிராங் பெசார் ரப்பர் தோட்டம். பிராங் பெசார், கலோவே, செட்ஜ்லி, மெடிங்லி ஆகிய தோட்டங்களில் இருந்த நம் மக்கள் டெங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு மாற்றப்பட்டார்கள். தரை வீட்டுக்காக அவர்கள் பல ஆண்டு காத்திருந்து போராடியது நாடறிந்த கதை. நாட்டின் நிர்வாகத் தலைநகரம் எழுந்தது அவர்கள் பால் வெட்டிய நிலத்தில். எந்த டிஜிட்டல் நகரத் திட்டத்தைப் படிக்கும்போதும் நான் முதலில் தேடுவது, ஏற்கெனவே அங்கே இருந்தவர்கள் எங்கே போகிறார்கள் என்ற வரியைத்தான்.

பிறகு வந்தவையும் இதே பாதையில்தான். சிலாங்கூரில் கூகுள் டேட்டா சென்டர் (தகவலைச் சேமித்து இயக்கும் கணினிகள் நிறைந்த கட்டடம்) அமையும் எல்மினா முன்பு தோட்டம். நம் பக்கத்தில் போஸ்டெட் நிறுவனம் வைத்திருந்த கூலாய் யங் தோட்டம் ஒய்டிஎல் குழுமத்திடம் போய், டேட்டா சென்டர் பூங்காவாகிவிட்டது.

ஏன் எல்லோரும் ஜொகூருக்கு வருகிறார்கள்?

சிங்கப்பூர் 2019 முதல் 2022 வரை புதிய டேட்டா சென்டர்களுக்கு அனுமதியை நிறுத்தி வைத்தது. நிலமும் மின்சாரமும் அங்கே அவ்வளவு நெருக்கடி. கடலடிக் கேபிள்கள் சிங்கப்பூரில் கரையேறுகின்றன. பாலத்தைத் தாண்டினால் மலிவான நிலமும் மின்சாரமும். செடெனாக், செனாய், கூலாய் என்று வரிசையாக வந்தது அதனால்தான். 2025 ஜனவரி 7-ஆம் தேதி ஜொகூர் – சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் புத்ராஜெயாவில் கையெழுத்தானது. முதல் ஐந்து ஆண்டில் 50 திட்டங்கள், 20,000 திறன் வேலைகள் என்பது இலக்கு. செனாயும் செடெனாக்கும் அந்த மண்டலத்துக்குள் இருக்கின்றன.

டேட்டா சென்டர் நம்ம தண்ணீரையும் கரண்டையும் குடித்துவிடுமா?

கவலைப்பட வேண்டிய விஷயம்தான். கணினி அடுக்குகள் இரவு பகலாகச் சூடாகிக்கொண்டே இருக்கும். நீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் முறை மின்சாரத்தை மிச்சப்படுத்தும், தண்ணீரை விழுங்கும். காற்றாலோ மூடிய குழாய்ச் சுற்றாலோ குளிர்வித்தால் தண்ணீர் மிஞ்சும், மின்கட்டணம் ஏறும். கழிவுநீரைச் சுத்திகரித்து அதையே குளிர்விக்கப் பயன்படுத்துவது நல்ல வழி. ஜொகூர் ஆற்றிலிருந்து 1962 ஒப்பந்தப்படி சிங்கப்பூர் ஒரு நாளைக்கு 25 கோடி கேலன் வரை எடுக்கலாம், அது 2061 வரை. அதே ஆற்றுப்படுகையை நம்பித்தான் நம் வீடுகளும் இருக்கின்றன. 2024-இல் மாநில அரசு டேட்டா சென்டர் விண்ணப்பங்களை ஆராய ஒரு குழு அமைத்துப் பல விண்ணப்பங்களை நிராகரித்தது நல்ல முடிவு என்பேன். புதிதாக ஒன்று வரும்போது கேட்க வேண்டியது, குளிர்விக்கும் தண்ணீர் எங்கிருந்து, குடிநீர்க் குழாயிலிருந்தா என்பதுதான்.

என் மகன் எஸ்பிஎம்மில் சுமார்தான். அங்கே வேலை கிடைக்குமா?

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் அக்கா. கட்டும்போது ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும். கட்டி முடித்த பிறகு ஒரு பெரிய கட்டடத்துக்குள் நிரந்தரமாக வேலை செய்வோர் எண்ணிக்கை ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் இருப்பதைவிட மிகக் குறைவு. ஆனால் அந்தக் குறைந்த வேலைகள் நல்ல சம்பள வேலைகள். அவற்றில் பாதிக்கு மேல் கணினி நிரல் எழுதும் வேலையே இல்லை. மின்சாரம், குளிரூட்டல், ஜெனரேட்டர், ஃபைபர் கேபிள் ஒட்டுவது, பாதுகாப்பு, இவைதான்.

மின்சார வேலையில் ஆர்வம் இருந்தால் சார்ஜ்மேன் (மின் அமைப்பை இயக்கிக் கவனிப்பவர்) தகுதிச் சான்றிதழைக் குறிவையுங்கள். எரிசக்தி ஆணையம் தருவது. ஏ வகை தாழ் மின்னழுத்தம், பி வகை உயர் மின்னழுத்தம். உயர் மின்னழுத்தத்தில் ஓடும் எந்த இடத்துக்கும் சட்டப்படி தகுதி பெற்ற ஆள் வேண்டும், அதனால் பி வகைச் சான்றிதழ் உள்ளவரைத் தேடி வருவார்கள். எடுத்த எடுப்பில் கிடைக்காது. தொழில்திறன் கழகத்திலோ தொழிற்கல்லூரியிலோ எஸ்கேஎம் (மலேசியத் தொழில்திறன் சான்றிதழ்) மூன்றாம் நிலை வரை படித்து, அனுபவம் சேர்த்து, பரீட்சைக்கும் நேர்முகத்துக்கும் தயாராக வேண்டும். தோட்டத்து மில்லில் பாய்லர் பார்த்த, வயர்மேன் வேலை செய்த மாமா, சித்தப்பா உங்கள் சொந்தத்தில் இருந்தால், பையனை அவரிடம் ஒரு விடுமுறைக்கு விடுங்கள். கையில் கருவி பிடித்துப் பழகியவன் பரீட்சை அறையில் தடுமாற மாட்டான்.

முகவர் யாராவது "முன்பணம் கட்டுங்கள், டேட்டா சென்டர் வேலை நிச்சயம்" என்றால் வாசலிலேயே நிறுத்திவிடுங்கள்.

பெண்பிள்ளை. ராத்திரி ஷிப்ட். அனுப்பலாமா?

போக்குவரத்து வண்டி உண்டா, ஷிப்ட் அட்டவணை எத்தனை நாளுக்கு முன்னே தெரியும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அனுப்புங்கள். திறமையைப் பற்றிய சந்தேகம் வேண்டாம். சூரியனை ஆராய 2023 செப்டம்பர் 2-ஆம் தேதி கிளம்பிய இந்தியாவின் ஆதித்யா எல்1, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டரில் நிற்கிறது. அதை அனுப்பியபோது திட்ட இயக்குநராக இருந்தவர் செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி என்ற பெண். சந்திரயான் 2-இன் திட்ட இயக்குநர் வனிதா முத்தையாவும் தமிழ்நாட்டுக்காரர்.

மலேசியாவில் விண்வெளித் துறை என்று ஒன்று உண்டா?

உண்டு, சிறிதுதான். தியுங்சாட் 1 என்ற நுண்செயற்கைக்கோள் 2000 செப்டம்பரில் பைக்கோனூரிலிருந்து போனது. 2009 ஜூலையில் ராசாக்சாட் போனது. அதை ஏற்றிச் சென்றது ஸ்பேஸ்எக்சின் ஃபால்கன் 1. ராசாக்சாட் நிலநடுக்கோட்டை ஒட்டியே சுற்றும்படி வடிவமைக்கப்பட்டது. நம் தலைக்கு மேல் அடிக்கடி வருவதற்காக. 2019-இல் விண்வெளி நிறுவனமும் தொலையுணர்வு நிறுவனமும் இணைந்து இன்றைய மலேசிய விண்வெளி நிறுவனம் ஆனது. 2022-இல் தனிச் சட்டமும் வந்தது.

தோட்டப்புறப் பிள்ளைக்குப் பொருத்தமான வாசல் தொலையுணர்வு, அதாவது உயரத்திலிருந்து எடுத்த படங்களை வைத்து நிலத்தை ஆராய்வது, என்பது என் எண்ணம். செம்பனையைக் கொல்லும் கானோடெர்மா அடித்தண்டு அழுகலை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே காளான் தெரியும்போது மரம் உள்ளே பாதி போயிருக்கும். ஓலையின் நிற மாற்றத்தைச் செயற்கைக்கோள் படத்திலும் டிரோன் படத்திலும் முன்கூட்டியே பிடிக்க ஆராய்ச்சி நடக்கிறது. விரியாத குருத்து ஓலைகள் ஈட்டிபோல் நீட்டிக்கொண்டிருந்தால் மரத்துக்கு நோய் என்பதை உங்கள் அப்பா நடந்துபோகும்போதே சொல்வார். அந்த அறிவோடு படத்தைப் படிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு, நகரத்தில் வளர்ந்த பட்டதாரியைவிட ஓர் அடி முன்னே இடம் இருக்கிறது. யூடிஎம் (மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) பக்கத்திலேயே ஸ்கூடாயில் இருக்கிறது. நில அளவை, புவித்தகவலியல் பாடங்கள் அங்கே உண்டு.

சின்ன வியாபாரம் செய்கிறவர்களுக்கு இதில் என்ன?

சாப்பாடு, சீருடைத் தையல், புல்வெட்டு, தொழிலாளர் வண்டி, கட்டட சுத்தம். முதலில் எஸ்எஸ்எம்மில் (நிறுவனப் பதிவு ஆணையத்தில்) பதியுங்கள். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப் பெயரில் 60 வெள்ளி. முதலுக்கு, சிறு தொழிலுக்குக் கடன் தரும் அரசு அமைப்பான தெக்குனின் ஸ்பூமி கடன் இந்தியத் தொழில்முனைவருக்கென்றே இருக்கிறது. நீங்கள் பில் கொடுத்து மாதக்கணக்கில் கழித்தே பெரிய குத்தகையாளர்கள் பணம் தருவார்கள். அதுவரை அரிசிக்கும் ஆள் கூலிக்கும் கையில் காசு இருக்கிறதா என்று கணக்குப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

டிஜிட்டல் நகரத்தில் எங்கு பார்த்தாலும் கேமரா. நம் விவரம் யாரிடம் போகிறது?

டொராண்டோவில் கூகுளின் சகோதர நிறுவனம் சைட்வாக் லேப்ஸ் 2017-இல் ஒரு துறைமுகப் பகுதியை முழு டிஜிட்டல் நகராக்கத் திட்டம் அறிவித்தது. தெருவில் உணரிகள் சேகரிக்கும் தகவல் யாருக்குச் சொந்தம் என்று ஊர்மக்கள் விடாமல் கேட்டார்கள். 2020 மே மாதம் நிறுவனம் திட்டத்தைக் கைவிட்டது. பொருளாதார நிலையைக் காரணமாகச் சொன்னது. ஆனால் மக்கள் கேட்ட கேள்வி உலகம் முழுவதும் போய்ச் சேர்ந்தது. இங்கே 2010-ஆம் ஆண்டு தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் தனியார் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும். மத்திய, மாநில அரசுகளுக்கு அது பொருந்தாது. ஆகவே அரசு சார்ந்த திட்டத்தில் தகவல் எவ்வளவு காலம் வைக்கப்படும், யார் பார்க்கலாம் என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்பது அவசியம்.

அப்பாவுக்கு வயதாகிவிட்டது, எல்லாம் செயலி என்கிறார்கள். என்ன செய்வது?

பக்கத்து நாடி மையத்துக்குக் கூட்டிப்போங்கள். இலவச இணையம், சொல்லித்தர ஆள் இரண்டும் உண்டு. பணப் பரிமாற்றத்தை உறுதிசெய்யக் கைப்பேசிக்கு வரும் டிஏசி ரகசிய எண்ணை வங்கி, போலீஸ், ஏன் பேரப்பிள்ளை கேட்டாலும் சொல்லக்கூடாது என்று சொல்லி வையுங்கள். மோசடியில் பணம் போய்விட்டால் உடனே தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997 எண்ணை அழையுங்கள்.

தோட்டத்து லயங்களில் லைன் இன்னும் சரியில்லையே?

நாட்டின் இணைய வசதியை மேம்படுத்தும் ஜெண்டேலா திட்டம் 2020-இல் தொடங்கி 3ஜி நிறுத்தப்பட்டு 4ஜி விரிந்த பிறகும், உயர்ந்த செம்பனைக்கு நடுவே பள்ளத்தில் இருக்கும் வீடுகளில் சிக்கல் உண்டு. செயற்கைக்கோள் வழி இணையம் தரும் ஸ்டார்லிங்குக்கு 2023-இல் உரிமம் கிடைத்தது. தனிக் குடும்பத்துக்கு விலை கூடுதல், கோயிலோ மண்டபமோ சேர்ந்து வாங்கினால் கட்டுப்படியாகும். உலகத்தின் தகவலைச் சேமிக்கும் கட்டடம் சாலைக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம் பிள்ளை வீட்டுப்பாடத்துக்கு மேட்டில் ஏறி நின்று சிக்னல் தேடுகிறது என்றால் அதை ஊராட்சியிடம் புகைப்படத்தோடு சொல்ல வேண்டும்.

எல்லாம் சரி, நாம் கேட்டால் கேட்பார்களா? எங்கே கேட்பது?

சட்டத்திலேயே இடம் இருக்கிறது. 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டம், எண் 172. மாவட்டத்தின் உள்ளூர்த் திட்ட வரைவை நகராண்மைக் கழகம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். ஆட்சேபம் தெரிவிக்கக் குறைந்தது நான்கு வாரம் தர வேண்டும். அந்த வரைபடத்தில் உங்கள் தோட்டம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். விவசாயத்திலிருந்து தொழில்துறைக்கு மாறியிருந்தால் அடுத்த சில ஆண்டில் விற்பனைப் பேச்சு வரும் என்று பொருள். கோயில், பள்ளி, இடுகாடு ஆகியவை வரைபடத்தில் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று கட்டாயம் பாருங்கள். குறிக்கப்படாதது அதிகாரிகளின் கணக்கில் வெறும் நிலம்.

கடிதத்தை மலாயில் எழுதுங்கள். மனை எண், எத்தனை குடும்பம், எத்தனை ஆண்டாக இருக்கிறீர்கள், என்ன மாற்றம் வேண்டும் என்பதை ஒரே பக்கத்தில் சொன்னால் போதும். ஆட்சேபத்தோடு விசாரணையில் நேரில் பேச விரும்புகிறோம் என்று ஒரு வரி சேர்க்க மறக்காதீர்கள். எல்லாக் குடும்பத் தலைவர்களும் அடையாள அட்டை எண்ணோடு கையெழுத்திடட்டும். முகப்பில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள். எழுத ஆள் இல்லையென்றால் சனிக்கிழமை மண்டபத்துக்கு வாருங்கள், ஐந்தாம் படிவப் பிள்ளைகள் மூன்று பேர் இதற்கென்றே உட்காருகிறார்கள்.